பதினோராவது பாட்டு

மார்ச் 4, செவ்வாய்

கோபத்தில் எழுதுகிறேன். கையெழுத்து எனக்கே புரியாமல் போனாலும் பரவாயில்லை.

இயக்குநர் இன்று எடிட்டிங் அறைக்கு வந்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, நான் வாரக்கணக்கில் வெட்டி ஒட்டிய காட்சியைப் பார்த்துவிட்டு, "செத்துக் கிடக்கும்மா" என்றார். அவ்வளவுதான். எங்கே செத்தது, எதனால் செத்தது, ஒன்றும் கிடையாது. போகிற போக்கில் என் தண்ணீர் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

காட்சி இதுதான்: சலவைக் கடை நடத்திய ஒரு பெண் கடையைக் கடைசியாக மூடுகிறாள். ஷட்டரை இழுத்துப் பூட்டுகிறாள். பஸ் நிறுத்தத்துக்கு நடக்கிறாள். அவளுடைய பஸ் வருகிறது, ஏறவில்லை. அடுத்ததும் வருகிறது, ஏறவில்லை. வசனமே கிடையாது. நடிகை நன்றாகத்தான் செய்திருக்கிறாள். வெறும் தெருச் சத்தத்தோடு பார்த்தால் எந்தக் காட்சியும் செத்த மாதிரிதான் இருக்கும். இத்தனை படம் எடுத்த மனுஷனுக்கு இது தெரியாதா?

இசையமைப்பாளர் இன்னும் ஒரு சுரம்கூட அனுப்பவில்லை. அதுவரை இரவல் இசையை வைத்துத்தான் காட்ட வேண்டும். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். யாருடைய பாட்டையாவது காட்சிக்கு அடியில் ஒட்டி வைப்பது, சொந்த இசை வந்ததும் உரித்து எறிவது. படம் வெளியே போகும்போது அதன் சுவடுகூட இருக்காது.

நாளைக்கு என் சிடி பெட்டியைக் கொண்டுபோகிறேன்.

மார்ச் 5, புதன்

பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கும்போது அக்கா, "என்னடி, வீட்டை விட்டு ஓடுறியா? என் ஹீட்டரையும் எடுத்துட்டுப் போ, வேலை செய்யல" என்றாள்.

அந்தப் பெட்டியில் இருப்பதுதான் எனக்குத் தெரிந்த மொத்த இசையும். எனக்கு யாரும் பாட்டுச் சொல்லித் தரவில்லை. வீட்டில் ரேடியோ செய்திக்கு மட்டும்தான். எனக்கு வந்த பாட்டெல்லாம் இரண்டே வழியாக வந்தது. ஒன்று, படங்களின் பாட்டு ஆல்பங்கள். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எந்தக் காட்சியில் யார் பாடினார்கள் என்று கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். அக்கா என்னோடு தியேட்டருக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். "துடைப்பம் வந்து காலைத் தூக்குன்னு சொல்ற வரைக்கும் உக்காந்திருப்பா" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

இன்னொன்று சாம்ப்ளர்கள். சின்ன இசைக் கம்பெனிகள் யாருக்கும் தெரியாத பாடகர்களிடமிருந்து ஆளுக்கொரு பாட்டு வாங்கி, ஒரே சிடியில் போட்டு, கடை வாசலில் சும்மா கொடுப்பார்கள். பிடித்தால் அந்த ஆளைத் தேடிப் போகலாம். பாதிக்கு மேல் காது கொடுத்துக் கேட்க முடியாது. நடுவில் திடீரென்று ஒன்று வந்து சட்டையைப் பிடித்து உலுக்கும்.

ஒரு சாம்ப்ளரில் பதினோராவது பாட்டு அப்படி. ஒரு பெண்குரல், ஒரு கிடார், பின்னால் யாரோ எதையோ தட்டுகிறார்கள். குரல் அழகு என்று சொல்ல முடியாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஒரு குரல். கடைசிச் சரணத்தில் ஓர் இடத்தில் வார்த்தையே இல்லாமல் "ம்ம்…" என்று முனகிவிட்டு அடுத்த வரிக்குப் போவாள். துக்கம் தொண்டையை அடைத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். எத்தனை தடவை கேட்டாலும் அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கும்.

இன்று அதைக் காட்சிக்கு அடியில் வைத்தேன். அந்த முனகல் சரியாக இரண்டாவது பஸ்ஸின் கதவு மூடும்போது விழுந்தது. நான் எதையும் இழுக்கவில்லை, நகர்த்தவில்லை. தானாக விழுந்தது.

மார்ச் 6, வியாழன்

இயக்குநர் பார்த்தார். மறுபடி போடச் சொன்னார். "இதை எவனாவது தொட்டா கையை உடைப்பேன்" என்றார்.

தண்ணீர் பாட்டில் திரும்பி வரவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

அந்தப் பாட்டையே முறையாக வாங்கிவிடலாம் என்று தயாரிப்பாளர் அம்மாவிடம் சொன்னேன். நல்ல பெண்மணிதான், பேசுகிற வரைக்கும்.

"யாரு பாடினது?"

பெயர் சொன்னேன்.

"கேள்விப்பட்டதே இல்லையேம்மா."

கேள்விப்படாததுதானே விஷயம்! கேள்விப்பட்டவர்களையே கேட்டுக்கொண்டிருந்தால் புதிதாக ஒருத்தர் எப்படித்தான் வருவது? இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. "நல்ல பாட்டு மேடம்" என்று மட்டும் சொன்னேன். எனக்கு என் மேலேயே எரிச்சல்.

"பார்க்கலாம்" என்றார். அவர் பார்க்கலாம் என்று சொன்ன எதையும் இதுவரை பார்த்ததில்லை.

மார்ச் 13, வியாழன்

இசையமைப்பாளர் வந்தார். எப்போதும் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. எடிட்டிங் அறையில் நாங்கள் வைத்த பெயரும் வெள்ளைச்சட்டைதான். காட்சியைப் பார்த்தார். "ஓ… ஓகே… ஓகே" என்றார். பாட்டை அனுப்பி வைக்கச் சொன்னார். "மூடு பிடிக்கத்தான். ஒரு ஐடியாவுக்கு."

இயக்குநர் என்னைப் பார்த்து, "அனுப்பிடும்மா" என்றார்.

அனுப்பினேன்.

மார்ச் 27, வியாழன்

ரத்தம் கொதிக்கிறது. இவ்வளவு நேரம் குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு கத்தினேன். அக்கா கதவைத் தட்டி, "யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப தண்ணியை மூடு" என்றாள்.

வெள்ளைச்சட்டையின் பாட்டு வந்தது. எல்லோரையும் உட்கார வைத்துப் போட்டார்கள். முதல் இரண்டு வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதே மெட்டு. ஏறுகிற இடத்தில் ஒரு சுரத்தை மாற்றியிருக்கிறான், இறங்குகிற இடத்தில் இன்னொன்றை. கிடாருக்குப் பதில் வயலின் கூட்டம். பின்னால் அந்தத் தட்டல்கூட இருக்கிறது, பெரிய டிரம்மில். புது வார்த்தைகள். பெரிய பாடகி, தேன் குரல். சரி, அது போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கடைசிச் சரணம் வருகிறது, அதே இடத்தில் அந்தப் பாடகி "ம்ம்…" என்று முனகுகிறாள்!

முனகலைக்கூட விடல. முனகலைக்கூட விடலையே பாவி!

எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. இயக்குநர் பார்த்தார்.

"என்னம்மா, பிடிக்கலையா?"

"இது அதே பாட்டு சார்."

வெள்ளைச்சட்டை சிரித்தான். கோபப்பட்டிருந்தாலாவது மரியாதை வந்திருக்கும். "மொத்தமே ஏழு சுரம்தானேங்க. அதுக்குள்ள எத்தனை பேர்தான் சுத்தறது?"

"ஏழு சுரம் சரி. அந்த ம்ம் எத்தனாவது சுரம்?"

சத்தியமாக இப்படித்தான் கேட்டேன். அறையில் இரண்டு பேர் இருமினார்கள். இயக்குநர், "எல்லாம் ஒரு இன்ஸ்பிரேஷன்தான்மா. விடு" என்றார்.

விடுவதா? எதை? அவள் பாட்டை அவன் கையில் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். வழிப்பறிக்காரனுக்கு வீட்டுக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. மூடு பிடிக்கத்தானாம். ஐடியாவுக்குத்தானாம்.

மார்ச் 29, சனி

அக்காவிடம் முழுவதும் சொன்னேன். அவளுக்குப் பாட்டும் கிடையாது கூத்தும் கிடையாது. பல் கட்டும் லேபில் வேலை. வெள்ளை மாவைக் குழைத்து, அடுத்தவர் வாய்க்குள் பொருந்துகிற மாதிரி பல் செய்கிறாள். கேட்டுக்கொண்டே இட்லிப் பானையைத் துலக்குகிற மாதிரி என் சிடி பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொம்பளைக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நானும் பொய்ப்பல்லுதான்டி செய்யறேன். பொய்ப்பல்லுன்னு சொல்லித்தானே கொடுக்கறேன்? அடுத்தவன் வாயில இருந்து பிடுங்கிட்டு வந்து ஒட்டறது இல்லையே."

பிறகு, "படம் வந்தப்புறம் ரேடியோல கேட்டு அவளே தெரிஞ்சுக்கட்டும்னு விட்டுடப் போறியா?" என்றாள்.

பதிலுக்கு அவள் மேல் எரிந்து விழுந்தேன். ஹீட்டரைப் பற்றி ஏதோ கத்தினேன். பாவம்.

ஏப்ரல் 2, புதன்

சாம்ப்ளரை வெளியிட்ட கம்பெனியே இப்போது கிடையாது. அந்த இடத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை இருக்கிறது. சிடி உறையில் நான்காவது பாட்டுக்காரரின் போன் நம்பர் இருந்தது. அதிசயமாக, அவரே எடுத்தார். இப்போது அவர் கல்யாண மண்டபங்களுக்கு மைக் செட் வாடகைக்கு விடுகிறார். "அவங்களா? பாடறதை எப்பவோ விட்டுட்டாங்க. கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கறாங்க" என்று ஒரு நம்பர் தந்தார்.

போன் செய்தேன்.

"டிரைவிங் ஸ்கூல்."

அதே குரல். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக் குரல்.

"ஹலோ? காலையா, சாயங்காலமா?"

"காலை" என்று சொல்லிவிட்டேன்.

ஆக, சனிக்கிழமை காலை எனக்குக் கார் ஓட்டப் பாடம். நானும் என் வீரமும்!

ஏப்ரல் 5, சனி

நடந்தது நடந்தபடி எழுத வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கே எனக்குச் சாதகமாக மாற்றி வைத்துக்கொள்வேன். வெட்டி ஒட்டுவதுதானே என் பிழைப்பு.

சின்னக் கார். கூரையில் பலகை. அவர் பக்கத்திலும் ஒரு பிரேக். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார். நான் ஏறியதும், "செருப்பைக் கழட்டிடுங்க, அப்பத்தான் கிளட்ச் காலுக்குத் தெரியும்" என்றார். மில் பக்கத்துக் காலி மைதானத்தைச் சுற்றி ஓட்டச் சொன்னார். மூன்று தடவை வண்டியை அணைத்தேன். நான்காவது சுற்றில் சொன்னேன்.

"நான் கார் கத்துக்க வரலை."

"அது தெரியுது. பார்த்துத் திருப்புங்க."

"உங்க பாட்டு… சாம்ப்ளர்ல பதினோராவது பாட்டு…"

அவர் பிரேக்கை மிதித்தார். என் நெற்றி ஸ்டியரிங்கில் இடித்தது. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

சொன்னேன். காட்சி, இயக்குநர், வெள்ளைச்சட்டை, எல்லாம். போனில் இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டேன். தன் பாட்டு ஓடும்போது அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அந்தத் தட்டல் வந்தபோது, "அது சூட்கேஸ். தம்பி தட்டினான்" என்றார். இன்னொன்று ஓடும்போது டேஷ்போர்டையே வெறித்துக்கொண்டிருந்தார். முனகல் வந்ததும் சிரித்தார். நன்றாகச் சிரிக்கவும் இல்லை. மூக்கால் ஒரு காற்று.

"அது ஏன் அங்க இருக்கு தெரியுமா?"

"துக்கம்… தொண்டை அடைச்சு…"

"வரி மறந்துபோச்சு."

"என்னது?"

"மறந்துபோச்சுங்க. நானே எழுதின வரி. நடுவுல நின்னா முதல்லேர்ந்து பாடணும், வெளியில அடுத்த ஆளு கதவைத் தட்டிட்டு நிக்கறான். ம்ம்னு இழுத்துட்டு அடுத்த வரிக்குப் போயிட்டேன். நூறு தடவை நினைச்சு நினைச்சு வெக்கப்பட்டிருக்கேன்." கொஞ்சம் நிறுத்தி, "அதைக் காப்பி அடிச்சிருக்கானா? என் மறதியையா?"

நானும் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அவர் முகம் சட்டென்று மாறியது.

"ஒண்ணு கேக்கறேன். என் பாட்டை எடுத்து அந்தப் படத்துல முதல்ல ஒட்டினது யாரு?"

"நான்தான். ஆனா அது தற்காலிகம்… எல்லாரும் செய்யறதுதான்… அப்புறம் எடுத்துடு…"

"என்கிட்ட கேட்டீங்களா?"

"கேக்கற வழக்கம் இல்ல."

"அப்ப முதல் திருடி நீங்கதான். அவன் ரெண்டாவது."

வண்டியிலிருந்து இறங்கி என் பக்கக் கதவைத் திறந்தார். "இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"தெரியலை."

"தெரியாம எதுக்கு வந்தீங்க? என் நிம்மதியைக் கெடுக்கவா?"

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மைதானத்தில் நடந்தேன். சரளைக் கல் காலில் குத்தியது.

ஏப்ரல் 6, ஞாயிறு

திருடியாம்! யார் திருடி? அவள் பாட்டை இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்தவள் நான். வேறு யார் கேட்டார்கள் அதை? ஒரு மனுஷி ஞாபகம் வைத்திருந்தாளே என்று ஒரு வார்த்தை… ஒரே ஒரு வார்த்தை…

சாயங்காலம்: அவள் சொன்னது சரிதான் என்பதால்தான் இவ்வளவு எரிகிறது. ஒட்டும்போது, அந்தக் குரலுக்கு ஒரு வீடு இருக்கும், போன் இருக்கும், கேட்டால் சரி என்றோ முடியாது என்றோ சொல்ல ஒரு வாய் இருக்கும் என்று ஒரு நிமிஷமாவது நினைத்தேனா? பெட்டியில் இருந்தது. எடுத்தேன். அவ்வளவுதானே என் புத்தி போனது.

ஏப்ரல் 9, புதன்

ஒலிக் கலவை நடக்கும் ஸ்டுடியோவில் இன்று எல்லோரும் இருந்தார்கள். தயாரிப்பாளர் அம்மா, இயக்குநர், வெள்ளைச்சட்டை. கருப்புக் கண்ணாடிச் சுவர், குளிர். பாட்டை முடித்து அனுப்புவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை போட்டார்கள். முனகல் வந்த இடத்தில் தயாரிப்பாளர் அம்மா நெஞ்சில் கை வைத்து, "இந்த இடம்… என்ன உணர்ச்சி!" என்றார்.

"அது உணர்ச்சி இல்ல மேடம். மறதி" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். என் குரல் நடுங்கவில்லை. அதற்காகவாவது என்னைக் கொஞ்சம் மெச்சிக்கொள்கிறேன்.

"இதோட சொந்தப் பாட்டைப் பாடினவங்களைப் பார்த்துட்டு வந்தேன். அவங்களுக்கு அந்த இடத்துல வரி மறந்துபோச்சு. அதனால முனகினாங்க." வெள்ளைச்சட்டையைப் பார்த்தேன். "உங்க பாட்டுல வரி இருக்கே சார். புதுசா எழுதினதுதானே? உங்க பாடகி எதை மறந்தாங்க?"

அந்த வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பட்டைக்கு மேலே சிவப்பு ஏறுவதைப் பார்த்தேன். இந்த வருஷத்தில் நான் பார்த்த மிக அழகான காட்சி.

தயாரிப்பாளர் அம்மா நெஞ்சிலிருந்து கையை எடுத்தார். "அவங்களைப் போய்ப் பார்த்தீங்களா? யாரைக் கேட்டுப் போனீங்க?"

இதுதான் கேள்வியாம்! பாடினவரைக் கேட்காமல் எடுத்தார்களே, அது இல்லை. நான் யாரைக் கேட்டுப் போனேன் என்பதுதான்.

"நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம். மிச்ச வேலையை வேற ஆளு பார்த்துப்பாங்க."

இயக்குநர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் வரை பின்னால் வந்தார். ஆறுதல் சொல்ல வருகிறார் என்று நினைத்தேன், முட்டாள்.

"அஞ்சு படம் கொடுத்தேன் உனக்கு. தனியா வந்து என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே சார். விடுன்னீங்க."

லிஃப்ட் கதவு மூடியது.

ஏப்ரல் 10, வியாழன்

அக்கா லேபுக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். எதற்கு என்று கேட்டேன். "சும்மா" என்றாள். மத்தியானம் வரை இரண்டு பேரும் சீட்டு விளையாடினோம். எல்லா ஆட்டத்திலும் அழுகுணி ஆட்டம் ஆடினாள்.

ஏப்ரல் 12, சனி

டிரைவிங் ஸ்கூலுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். வேலை போனதையும் சொன்னேன். அதைச் சொன்னது அனுதாபத்துக்கா? கொஞ்சம் அதற்காகத்தான் போலிருக்கிறது.

"ஓஹோ" என்றார். அப்புறம், "வக்கீல் யாரையாவது பார்த்தா, நீங்க வந்து இதையெல்லாம் சொல்வீங்களா? நான்தான் ஒட்டினேன், நான்தான் அனுப்பினேன்னு?"

"சொல்வேன்."

"உங்க பேரும் கெடும்."

"கெடட்டும்."

"சரி. யோசிச்சுச் சொல்றேன்."

ஜூன் 20, வெள்ளி

படத்துக்கு முன்னால் பாட்டு ஆல்பம் வெளியாகிவிட்டது. மெட்டு, இசை: வெள்ளைச்சட்டை.

ஜூன் 27, வெள்ளி

எங்கே போனாலும் இந்தப் பாட்டுத்தான். மருந்துக் கடையில். பஸ்ஸில் முன் சீட்டுக்காரி போனில். முடி வெட்டப் போனால் கத்தரிக்கோல்காரி அதே மெட்டை முணுமுணுத்துக்கொண்டே வெட்டுகிறாள். "ம்ம்…" என்று அவளும் முனகுகிறாள். ஊரே உட்கார்ந்து ஒருத்தியின் மறதியைப் பாடிக்கொண்டிருக்கிறது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

வேலையும் இல்லை. இரண்டு இடத்தில் கேட்டேன். "கொஞ்சம் பிரச்சனை பண்ற ஆளுன்னு சொன்னாங்களே" என்று ஒருத்தர் முகத்துக்கு நேராகவே சொன்னார். பிரச்சனை பண்ணினது நானாம்!

ஜூலை 3, வியாழன்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

இணையத்தில் அந்தப் பாட்டுக்குக் கீழே யாரோ ஒருத்தர் எழுதியிருக்கிறார்: "இது ஒரு சாம்ப்ளரில் பதினோராவது பாட்டாக வந்ததே? என்னிடம் இருக்கிறது." அதற்குக் கீழே இன்னொருத்தர்: "என்னிடமும் இருக்கிறது. நான் மட்டும்தான் கேட்டிருப்பேன் என்று நினைத்தேன்." மூன்றாவது ஆள் சூட்கேஸ் சத்தம் வரைக்கும் எழுதியிருக்கிறார், மேசை என்று நினைத்துக்கொண்டு. நாலாவது ஆள் இரண்டு பாட்டையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டுக் காட்டியிருக்கிறார். சாயங்காலத்துக்குள் நூற்றுக்கணக்கில் வந்துவிட்டார்கள். ஒரு பல் டாக்டர், ஒரு லாரி டிரைவர், வெளிநாட்டில் இருக்கும் யாரோ ஒருத்தி.

கடை வாசலில் சும்மா கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் வைத்திருந்தவர்கள். நான் ஒருத்திதான் அவளைக் கண்டுபிடித்தேன் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேனே!

கொஞ்சம் பொறாமையாக இருந்தது. உண்மையை எழுதித்தானே ஆக வேண்டும். அப்புறம் அழுதேன்.

ஜூலை 4, வெள்ளி

காலையிலேயே போன். டிரைவிங் ஸ்கூல்.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"இவங்கல்லாம் எங்க இருந்தாங்க?" குரல் கனத்திருந்தது. "அப்ப ஒருத்தர்கூட வந்து சொல்லலையே. யாருமே கேக்கலைன்னு நினைச்சுத்தான் கிடாரைத் தூக்கித் தம்பிகிட்ட கொடுத்தேன்."

நானும்தானே சொல்லவில்லை. உறையில் நான்காவது பாட்டுக்காரரின் போன் நம்பர் இருந்ததே. அதுவரை ஒருநாள்கூட யாருக்கும் போன் செய்து உங்கள் பாட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லையே.

"வக்கீலைப் பார்த்துட்டேன்" என்றார். "திங்கள்கிழமை வாங்க."

ஜூலை 7, திங்கள்

வக்கீல் என்னைப் பேசவிட்டு எழுதிக்கொண்டார். ஒட்டியது, காட்டியது, அனுப்பியது எல்லாம். அனுமதி கேட்டீர்களா என்றார். இல்லை என்றேன். பக்கத்தில் பதினோராவது பாட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும், "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இயக்குநர் போன் செய்தார். "சமாதானமா முடிச்சுக்கலாம்னு மேடம் சொல்றாங்க. நீ அந்தம்மாகிட்ட கொஞ்சம் பேசேன். நீ சொன்னா கேப்பாங்க."

"நான் சொன்னா கேக்க மாட்டாங்க சார். என்னைத் திருடின்னுதான் சொல்வாங்க."

"உனக்கு எதுக்கும்மா இவ்வளவு கோபம்?"

நிஜமாகவே தெரியாமல் கேட்கிறார். அதுதான் தாங்க முடியவில்லை. பிடித்த பாட்டு என்று தொட்டவன் கையை உடைப்பேன் என்றவர்தான், அதைத் தொட்டு, முறித்து, அடுத்தவன் பெயரில் கொண்டுவந்தபோது கைதட்டினார். இதை அவரிடம் சொன்னேன். இந்தத் தடவை வாய்விட்டு, கடைசி வரைக்கும் சொன்னேன். போனை வைத்துவிட்டார்.

அக்கா கூடத்திலிருந்து, "இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லியிருந்தா அவருக்கு நேராவே கேட்டிருக்கும்" என்றாள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

முடிந்தது. மெட்டு பதினோராவது பாட்டுக்காரருடையது என்று படத்திலும் ஆல்பத்திலும் போட வேண்டும். ஆல்பத்தில் அவருடைய சொந்தப் பாட்டையும் சேர்க்க வேண்டும், கிடார், சூட்கேஸ், மறதி எல்லாவற்றோடும். வெள்ளைச்சட்டை பெயரும் இருக்கும், "இசைக் கோர்ப்பு" என்று. மன்னிப்புக் கிடையாது. தவறு நடந்தது என்று யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த வாய் மட்டும் எவனுக்கும் வராது.

"திருப்தியா?" என்று கேட்டேன்.

"இல்ல. ஆனா போதும்." வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார். "உங்க மேல இருந்த கோபம் பாதி போயிடுச்சு. மீதி இருக்கு. அது இருக்கட்டும்."

"இருக்கட்டும்" என்றேன்.

இப்போது கற்றுக்கொள்ள வருகிறவர்களெல்லாம் பாடச் சொல்லித் தொந்தரவு செய்கிறார்களாம். "முதல்ல கண்ணாடியைப் பாரு, இண்டிகேட்டரைப் போடு, அப்புறம் பாட்டுக் கேக்கலாம்னு திட்டறேன்." அதையும் கோபமாகத்தான் சொன்னார். ஆனால் தம்பியிடமிருந்து கிடாரை வாங்கிவிட்டாராம்.

நவம்பர் 18, செவ்வாய்

ஒரு சின்ன ஆவணப்படம் கிடைத்திருக்கிறது. ஒரு மருத்துவமனையின் துணி துவைக்கும் பிரிவைப் பற்றி. எடுத்த பெண்ணுக்கு இது முதல் படம், அதனால் நான் பிரச்சனை பண்ணுகிற ஆள் என்பது அவள் காதுக்கு எட்டவில்லை, அல்லது எட்டியும் பரவாயில்லை என்றிருக்கிறாள்.

ஒரு காட்சி இசை இல்லாமல் ஓடவில்லை. போன மாதம் கிடைத்த ஒரு சாம்ப்ளரில் ஏழாவதாக ஒரு பையன் பாடியிருந்தான், வாயால் விசில் மாதிரி ஒன்று ஊதிக்கொண்டு. கச்சிதமாகப் பொருந்தும், வைத்துப் பார்க்காமலே தெரிகிறது. வைக்கவில்லை. உறையில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன்.

"வணக்கம். உங்க பாட்டு எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஒரு காட்சிக்கு அடியில வச்சுப் பார்க்கலாமா? பார்க்கத்தான். பிடிச்சிருந்தா மறுபடி உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் மேல போவோம்."

"எங்க கேட்டீங்க என் பாட்டை?"

சொன்னேன்.

"என்ன காட்சி?"

அதையும் சொன்னேன். துணிகள் காய்கின்றன, ஒரு அம்மா மடிக்கிறார்.

"இல்லைங்க. அந்தப் பாட்டு அதுக்கு இல்ல. வேண்டாம்" என்றான்.

வேண்டாமாம்! காட்சியைப் பார்க்கக்கூட இல்லை. குரலில் மீசைகூட முளைக்கவில்லை, என்ன ஒரு திமிர்! போனை வைத்துவிட்டு அறைக்குள் இரண்டு நடை நடந்தேன். நாற்காலியை உதைத்தேன், கால் விரல் வீங்கியிருக்கிறது.

அவன் பாட்டு. வேறு தேட வேண்டும்.